அனுப்பியவர் பெயரை யார் சரிபார்க்கிறார்கள்? மின்னஞ்சலுக்கு அடியில் ஓடும் நெறிமுறைகள்

சொந்த டொமைனில், அதாவது இணையத்தில் தங்களுக்கென்று பதிவு செய்த பெயரில், மின்னஞ்சல் வைத்திருக்கும் சிறு அலுவலகங்கள், பள்ளிகள், சங்கங்கள் பலவற்றுக்கு இந்தச் சிக்கல் வந்திருக்கும். வருடக்கணக்காக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த அஞ்சல், ஜிமெயில் முகவரிகளுக்கு மட்டும் போகாமல் திரும்பி வருகிறது. திரும்பி வந்த தகவலில் 550 5.7.26 என்று ஓர் எண் இருக்கிறது. அனுப்பியவர் யாரென்று உறுதிப்படுத்த முடியவில்லை என்று ஒரு வரியும் இருக்கிறது. கடவுச்சொல் சரி, இணையமும் ஓடுகிறது. அப்புறம் எதை உறுதிப்படுத்த முடியவில்லை?

இதற்கு நேர் எதிரான குழப்பமும் உண்டு. மேலாளரின் பெயரில், அவருடைய சரியான முகவரியிலிருந்தே, உடனே பணம் அனுப்பச் சொல்லி ஓர் அஞ்சல் வருகிறது. கேட்டால் அவர் அனுப்பவே இல்லை என்கிறார். யாரோ அவர் கணக்கை உடைத்து நுழைந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். பல நேரங்களில் யாரும் எதையும் உடைத்திருக்க மாட்டார்கள்.

இரண்டு குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். மின்னஞ்சல் உருவானபோது, அனுப்புநர் பெயரைச் சரிபார்க்கும் வேலை எந்த நெறிமுறைக்கும் கொடுக்கப்படவில்லை. அந்த வேலையைச் செய்யும் ஏற்பாடுகள் இருபது, முப்பது வருடம் கழித்து மேலே சேர்க்கப்பட்டவை. இன்றைக்கும் ஒவ்வொரு நெறிமுறையும் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் பொறுப்பேற்கிறது. எது எதற்குப் பொறுப்பு என்று பிரித்துப் பார்த்தால் மேலே சொன்ன இரண்டும் புரிந்துவிடும். அடித்தளத்திலிருந்து ஆரம்பிப்போம்.

நெறிமுறை என்றால்

இரண்டு கணினிகள் பேசிக்கொள்வதற்கு முன்கூட்டியே ஒத்துக்கொண்ட ஒழுங்குதான் நெறிமுறை. யார் முதலில் பேசுவது, எந்தச் சொல்லில் தொடங்குவது, புரியவில்லை என்றால் எப்படிச் சொல்வது, பேச்சு முடிந்ததை எப்படித் தெரிவிப்பது எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். இணையத்தின் நெறிமுறைகள் ஆர்எஃப்சி எனப்படும் எண்ணிட்ட ஆவணங்களாக வெளியாகின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம், அதன்படி மென்பொருள் எழுதலாம்.

வாட்ஸ்அப்பில் இருப்பவருக்கு வாட்ஸ்அப்பிலிருந்துதான் செய்தி அனுப்பிப் பழகியிருக்கிறோம். மின்னஞ்சல் அப்படியில்லை. ஒரு கல்லூரி தன் அறையில் வைத்திருக்கும் சர்வரிலிருந்து கூகுளின் சர்வருக்கு அஞ்சல் போகிறது. இருவருக்கும் இடையில் எந்த ஒப்பந்தமும் கிடையாது. இருவரும் ஒரே ஆவணத்தைப் பின்பற்றுகிறார்கள், அவ்வளவுதான். இந்தத் திறந்த தன்மைதான் மின்னஞ்சலை ஐம்பது வருடத்துக்கும் மேலாக வாழவைத்தது. முன்பின் தெரியாத சர்வர் பேச வந்தாலும் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்ற நிலையும் அதனால் வந்ததுதான்.

அடியில் இருக்கும் நான்கு

1. ஐபி. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி. அனுப்பும் தரவைச் சிறு சிறு பாக்கெட்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் போகவேண்டிய முகவரியை எழுதி வழியில் விடுவது இதன் வேலை. பழைய நான்காம் பதிப்பில் முகவரி 32 பிட், மொத்தம் சுமார் 430 கோடி எண்கள்தான். உலகளாவிய கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பகிர்ந்து கொடுக்கப்பட்டு முடிந்தன. அதனால்தான் 128 பிட் கொண்ட ஆறாம் பதிப்பு இப்போது பக்கத்திலேயே ஓடுகிறது. பாக்கெட் போய்ச் சேரும் என்று ஐபி உறுதி தருவதில்லை. தொலைந்தால் தொலைந்ததுதான்.

2. டிசிபி. தொலைந்ததைக் கவனிப்பது இதன் பொறுப்பு. பாக்கெட்டுகளுக்கு வரிசை எண் போட்டு, வராததை மறுபடி கேட்டு வாங்கி, முன்பின்னாக வந்ததை அடுக்கிக் கொடுக்கும். வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974-ல் வெளியிட்ட கட்டுரையில் இதன் கரு இருக்கிறது. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் 1983 ஜனவரி 1 அன்று முழுவதுமாக இதற்கு மாறியது. ஒரு துண்டு போனாலும் பரவாயில்லை, தாமதம்தான் கூடாது என்கிற இடங்களில், உதாரணமாக வீடியோ அழைப்பில், டிசிபிக்குப் பதில் யூடிபி பயன்படும்.

3. போர்ட். ஒரே கணினியில் பல சேவைகள் ஓடும். வந்த பாக்கெட் எந்தச் சேவைக்கு என்று சொல்லும் எண் இது. இணையப் பக்கத்துக்கு 80, பூட்டு போட்ட இணையப் பக்கத்துக்கு 443, சர்வரிலிருந்து சர்வருக்குப் போகும் அஞ்சலுக்கு 25.

4. டிஎன்எஸ். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் அட்டவணை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது. அதற்கு முன்பு எல்லாக் கணினிப் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. எல்லோரும் அதைத்தான் பிரதி எடுத்துக்கொண்டார்கள். டிஎன்எஸ் அந்தக் கோப்பை உடைத்து, ஒவ்வொரு டொமைனின் பதிவுகளையும் அந்த டொமைனின் சொந்தக்காரர் கையில் கொடுத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்: ஒரு டொமைனின் டிஎன்எஸ்ஸில் எழுதும் உரிமை அதன் சொந்தக்காரருக்கு மட்டும்தான்.

இணையப் பக்கங்களைக் கேட்டு வாங்கும் எச்டிடிபி இந்த நான்கின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு நெறிமுறை. மின்னஞ்சலைக் கொண்டுபோகும் எஸ்எம்டிபி இன்னொன்று.

எஸ்எம்டிபி: ஒரு பேச்சைப் பக்கத்தில் நின்று கேட்டால்

அஞ்சல் அனுப்பும் சர்வர் முதலில் டிஎன்எஸ்ஸிடம், "இந்த டொமைனுக்கு வரும் அஞ்சலை வாங்கிக்கொள்வது யார்?" என்று கேட்கும். அதற்கென்றே எம்எக்ஸ் என்ற பதிவு இருக்கிறது. பதில் கிடைத்ததும் அந்தச் சர்வரின் 25-ஆம் போர்ட்டைத் தட்டும். பிறகு நடக்கும் பேச்சு வெறும் ஆங்கிலச் சொற்களிலும் எண்களிலும் இருக்கும், மனிதரே தட்டச்சு செய்து பேசலாம். தமிழில் எழுதினால் இப்படி:

சர்வர்: 220. தயாராக இருக்கிறேன்.
வந்தவர்: ஈஹெலோ, நான் இந்தப் பெயருள்ள கணினி.
சர்வர்: 250. சரி.
வந்தவர்: மெயில் ஃப்ரம், இந்த முகவரியிலிருந்து.
சர்வர்: 250. சரி.
வந்தவர்: ஆர்சிபிடி டு, இந்த முகவரிக்கு.
சர்வர்: 250. சரி.
வந்தவர்: டேட்டா.
சர்வர்: 354. சொல்லுங்கள், முடிந்ததும் தனி வரியில் ஒரு புள்ளி வையுங்கள்.
(கடிதம் முழுவதும் வருகிறது. கடைசியில் ஒரு வரியில் புள்ளி மட்டும்.)
சர்வர்: 250. வாங்கிக்கொண்டேன்.
வந்தவர்: குவிட்.
சர்வர்: 221. வணக்கம்.

எண்களின் முதல் இலக்கத்துக்குப் பொருள் உண்டு. 2 என்றால் சரி, 3 என்றால் மேலே சொல், 4 என்றால் இப்போது முடியாது, பிறகு வா, 5 என்றால் முடியவே முடியாது. 4-ல் தொடங்கும் பதில் வந்தால் அனுப்பும் சர்வர் அஞ்சலை வரிசையில் வைத்துக்கொண்டு நான்கைந்து நாள்வரை திரும்பத் திரும்ப முயலும். காலையில் அனுப்பிய அஞ்சல் சில சமயம் மாலையில் போய்ச் சேர்வது இதனால்தான். 550 என்றால் மறுமுயற்சி கிடையாது, அந்த இடத்திலேயே திருப்பி அனுப்பப்படுகிறது.

இந்தப் பேச்சை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ‘மெயில் ஃப்ரம்’ என்று வந்தவர் ஒரு முகவரியைச் சொன்னார். சர்வர் சரி என்றது. "அந்த முகவரி உன்னுடையதுதானா?" என்று ஓர் இடத்திலும் கேட்கவில்லை. கடவுச்சொல்லும் கேட்கவில்லை. நாம் தினமும் போடும் கடவுச்சொல் நமக்கும் நம்முடைய சர்வருக்கும் இடையில் மட்டும்தான்; அது 587 அல்லது 465-ஆம் போர்ட்டில் நடக்கும் தனிப்பேச்சு. அங்கிருந்து வெளியே போனபின், ஒரு சர்வர் இன்னொரு சர்வருக்குக் கடவுச்சொல் கொடுப்பதில்லை. கொடுக்கவும் முடியாது, ஒருவரையொருவர் தெரியாதே.

எஸ்எம்டிபியை வரையறுத்த ஆர்எஃப்சி 821, ஜான் போஸ்டல் எழுதி 1982 ஆகஸ்டில் வெளியானது. அப்போது அர்ப்பாநெட்டில் இருந்தவை சில நூறு கணினிகள், பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும். பொய்ப்பெயரில் எழுதுவதற்கு யாருக்கும் காரணமில்லாத ஊர் அது. அன்றைய தேவைக்கு மிக நல்ல வடிவமைப்பு என்றுதான் சொல்வேன். இத்தனை எளிமையாக இல்லாவிட்டால் அது இவ்வளவு பரவியிருக்காது.

உறையும் கடிதமும்: இரண்டு அனுப்புநர்கள்

மின்னஞ்சலைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: ஓர் அஞ்சலில் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் இருக்கிறது.

‘மெயில் ஃப்ரம்’ என்று பேச்சில் சொன்னது உறையின் மேல் எழுதும் முகவரி. அஞ்சல் போய்ச் சேராவிட்டால் திருப்பி அனுப்ப அதுதான் பயன்படும். படிப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. ‘டேட்டா’ என்று சொன்னபின் வந்த கடிதத்தின் தலைப்பிலும் ‘ஃப்ரம்’ என்று ஒரு வரி இருக்கிறது. நம் திரையில் தெரிவது இது மட்டும்தான். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எஸ்எம்டிபி கேட்பதில்லை.

சாதாரணத் தபாலிலும் இப்படித்தான். உறையின் பின்பக்கம் எந்த முகவரியும் எழுதலாம், உள்ளே கடிதத்தாளின் தலையில் வேறொரு பெயர் அச்சடித்திருக்கலாம். தபால்காரர் இரண்டையும் ஒப்பிடுவதில்லை. மேலாளர் பெயரில் வரும் போலி அஞ்சலுக்கு எந்தக் கணக்கையும் உடைக்கத் தேவையில்லை என்று மேலே சொன்னது இதனால்தான். கடிதத் தலைப்பில் அவர் முகவரியை எழுதினால் போதும்.

இதில் எல்லாமே மோசடி என்று நினைக்க வேண்டாம். அலுவலகத்துக்காக ஒரு வெளிச்சேவை மாதாந்திர அறிவிப்பை அனுப்பும்போது, உறையில் அந்தச் சேவையின் முகவரியும் கடிதத்தில் அலுவலகத்தின் முகவரியும் இருக்கும். திரும்பி வரும் அஞ்சல்களை அந்தச் சேவையே எண்ணிக் கவனிப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். நேர்மையான பயன்பாடும் மோசடியும் ஒரே வாசல் வழியாக வருகின்றன என்பதால்தான் இதைச் சரிசெய்ய இத்தனை வருடம் ஆனது.

தமிழ் எழுத்து எப்படிப் போகிறது

1982-இன் எஸ்எம்டிபி 7 பிட் எழுத்துகளை மட்டும்தான் ஏற்றது. மொத்தம் 128 குறிகள்: ஆங்கில எழுத்து, எண்கள், நிறுத்தற்குறிகள். தமிழுக்கு அதில் இடமில்லை, படத்துக்கும் இடமில்லை. எட்டாவது பிட்டைப் பயன்படுத்திய எழுத்துருக்களில் எழுதிய அஞ்சல், அந்தப் பிட்டை வெட்டிவிடும் சர்வர் வழியாகப் போனால் மறுமுனையில் புரியாத குறிகளாகத்தான் தெரியும்.

வழி கிடைத்தது 1992-ல். நத்தேனியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் இருவரும் வகுத்த மைம் என்ற முறை, எஸ்எம்டிபியைத் தொடாமல் கடிதத்தின் உள்ளே மாற்றம் செய்தது. எந்தத் தரவாக இருந்தாலும் அதை ஆங்கில எழுத்தாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் திரும்ப மாற்றிக்கொள்ளலாம். அதில் ஒன்று பேஸ்64: மூன்று பைட்டை நான்கு எழுத்தாக மாற்றும்.

‘வணக்கம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடில் அதற்கு ஏழு குறிகள்: வ, ண, க, ஒரு புள்ளி, க, ம, ஒரு புள்ளி. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், மொத்தம் 21. பேஸ்64-ல் அது 28 ஆங்கில எழுத்துகளாக வயரில் போகிறது. இணைப்புக் கோப்புகளுக்கும் இதே கணக்கு, மூன்றில் ஒரு பங்கு கூடும். 25 எம்பி வரம்பு வைத்திருக்கும் சர்வர் 20 எம்பி கோப்பை மறுத்தால் தவறு அதனுடையது அல்ல. வழியில் அந்தக் கோப்பு 26 எம்பியைத் தாண்டிவிட்டது.

முகவரியே தமிழில் இருக்க முடியுமா? ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்று முடியும் டொமைன் வகைகள் இருக்கின்றன. டிஎன்எஸ்ஸுக்குள் அவை ஆங்கில எழுத்துத் தொடராக மாற்றி வைக்கப்படுகின்றன. முகவரியின் நடுவில் வரும் சுழிக்குறிக்கு (@) முன்னால் வரும் பகுதியும் தமிழில் இருக்க 2012-ல் எஸ்எம்டிபிக்கு ஒரு நீட்சி வந்தது. ஆனால் அனுப்பும் சர்வர், வாங்கும் சர்வர் இரண்டும் அதை ஏற்றிருந்தால்தான் அஞ்சல் போகும். தமிழ் முகவரி வாங்கியவர் ஆங்கில முகவரி ஒன்றையும் கூடவே வைத்திருப்பது இப்போதைக்கு அவசியம்தான்.

எடுத்துப் படிப்பது: பாப்3, ஐமேப்

எஸ்எம்டிபி அஞ்சலைக் கொண்டுபோய்ப் பெட்டியில் போடுவதோடு சரி. பெட்டியைத் திறந்து எடுப்பது வேறு நெறிமுறை. பாப்3 அஞ்சலை நம் கணினிக்கு இறக்கிக்கொண்டு, வழக்கமாகச் சர்வரிலிருந்து அழித்துவிடும். ஒரே கணினி, விலை அதிகமான தொலைபேசி இணைப்பு என்ற காலத்துக்குப் பொருத்தமானது. ஐமேப், 1986-ல் மார்க் கிரிஸ்பின் தொடங்கியது, அஞ்சலைச் சர்வரிலேயே விட்டுவைக்கும். கைபேசியில் படித்தது மடிக்கணினியிலும் படித்ததாகத் தெரியும். இரண்டு மூன்று கருவிகள் வைத்திருப்பவர் பாப்3 தேர்ந்தெடுத்தால், ஒரு கருவியில் இறங்கிய அஞ்சல் மற்றதில் இருக்காது. அஞ்சல் காணாமல் போய்விட்டது என்ற புகார் வந்தால் முதலில் இதைப் பார்ப்பது நல்லது.

பூட்டு எதற்குப் பொறுப்பு?

மேலே சொன்ன பேச்சுகள் எல்லாம் திறந்த பேச்சு, வழியில் இருப்பவர் எவரும் கேட்கலாம். அதற்குப் போர்வை போடுவது டிஎல்எஸ். 1999-ல் அதன் முதல் பதிப்பு, இப்போது ஓடும் 1.3 பதிப்பு 2018-ல். எச்டிடிபிக்கு இந்தப் போர்வையைப் போட்டால் எச்டிடிபிஎஸ்.

பிரவுசரில் தெரியும் பூட்டு இரண்டு விஷயங்களுக்குப் பொறுப்பேற்கிறது: நீங்கள் பேசுவது முகவரிப் பட்டையில் இருக்கும் அதே டொமைனோடுதான், இடையில் யாரும் கேட்கவில்லை. அந்த டொமைன் நல்லவருடையதா என்பதற்கு அது பொறுப்பல்ல. மோசடித் தளத்துக்கும் பூட்டு இலவசமாகவே கிடைக்கிறது.

மின்னஞ்சலில் நிலைமை இன்னும் தளர்வு. சர்வர்களுக்கிடையே ‘ஸ்டார்ட்டிஎல்எஸ்’ என்று ஒருவர் கேட்டு மற்றவர் ஒப்புக்கொண்டால்தான் போர்வை. ஒப்புக்கொள்ளாவிட்டால், வழக்கமான அமைப்பில், திறந்தபடியே அஞ்சல் போய்விடும். போர்வை இருந்தாலும் ஒவ்வொரு சர்வரிலும் அஞ்சல் பிரிக்கப்பட்டு மறுபடி மூடப்படுகிறது. வாட்ஸ்அப்பில் இருப்பதுபோல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மூடியே போகும் குறியாக்கம் இது அல்ல. ஆதார் நகலையும் வங்கி விவரத்தையும் மின்னஞ்சலில் அனுப்புமுன் இதை நினைவில் வைக்கவேண்டும்.

பெயருக்குச் சான்று: எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்

இப்போது 550 5.7.26-க்கு வருகிறோம். மூன்று ஏற்பாடுகள், மூன்றும் டிஎன்எஸ்ஸை நம்பியவை. டொமைனின் டிஎன்எஸ்ஸில் சொந்தக்காரர் மட்டும்தான் எழுத முடியும் என்று பார்த்தோம். அதனால் அங்கே எழுதியிருப்பதை அவர் வாக்காக எடுத்துக்கொள்ளலாம்.

1. எஸ்பிஎஃப். "என் டொமைன் பெயரில் அஞ்சல் அனுப்ப இந்த ஐபி முகவரிகளுக்கு மட்டும்தான் உரிமை" என்று டிஎன்எஸ்ஸில் ஒரு வரி. அஞ்சல் வாங்கும் சர்வர் அந்தப் பட்டியலைப் பார்த்து ஒப்பிடும். ஆனால் எஸ்பிஎஃப் பார்ப்பது உறையின் முகவரியை. நாம் திரையில் பார்ப்பதை அல்ல. மோசடிக்காரர் உறையில் தன் சொந்த டொமைனை எழுதிவிட்டுக் கடிதத்தில் வங்கியின் பெயரை எழுதினால் எஸ்பிஎஃப் தேர்ச்சி ஆகிவிடும். இன்னொரு குறை: அஞ்சலை ஒருவர் தானாக இன்னொரு முகவரிக்குத் திருப்பி அனுப்பும்படி வைத்திருந்தால், கடைசியாக வந்து தட்டும் ஐபி பட்டியலில் இருக்காது. நேர்மையான அஞ்சலும் தோற்கும்.

2. டிகிம். யாஹூவும் சிஸ்கோவும் தனித்தனியாக உருவாக்கியிருந்த இரண்டு முறைகளை இணைத்து 2007-ல் ஆர்எஃப்சியாக வந்தது. அனுப்பும் சர்வர் கடிதத்தின் உள்ளடக்கத்தையும் முக்கியமான தலைப்பு வரிகளையும் சேர்த்து ஒரு கணிதக் கையொப்பம் இடுகிறது. கையொப்பமிடும் ரகசியச் சாவி சர்வரிடம் இருக்கும். சரிபார்க்கும் பொதுச் சாவி டிஎன்எஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். வழியில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. எந்த ஐபியிலிருந்து வந்தாலும் கவலையில்லை என்பதால், திருப்பி அனுப்பப்பட்ட அஞ்சலிலும் செல்லும். குறை என்னவென்றால், கையொப்பத்தில் இருக்கும் டொமைன் எது வேண்டுமானாலும் இருக்கலாம். வங்கியின் பெயரில் வரும் கடிதத்தில் யாரோ ஒருவரின் செல்லுபடியாகும் கையொப்பம் இருந்தாலும் டிகிம் தேர்ச்சிதான்.

3. டிமார்க். 2012-ல் அறிவிக்கப்பட்டு 2015-ல் ஆர்எஃப்சி ஆனது. மேலே சொன்ன இரண்டு ஓட்டையையும் அடைக்கும் ஒரே கேள்வியை இது கேட்கிறது: எஸ்பிஎஃப்பிலோ டிகிமிலோ தேர்ச்சியான டொமைனும், படிப்பவர் கண்ணுக்குத் தெரியும் ‘ஃப்ரம்’ வரியின் டொமைனும் ஒன்றுதானா? ஏதாவது ஒன்றில் தேர்ச்சியும் பொருத்தமும் இருந்தால் போதும். இல்லாவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று டொமைன் சொந்தக்காரர் மூன்று விதத்தில் சொல்லலாம்: எதுவும் செய்யாதே, எனக்கு அறிக்கை மட்டும் அனுப்பு; ஸ்பேமில் போடு; வாங்காதே.

பிறந்து முப்பது வருடத்துக்கு மேல் கழித்துத்தான் நாம் படிக்கும் பெயருக்கு மின்னஞ்சலில் ஒரு சான்று கிடைத்தது. இந்த மூன்றில் டிமார்க்கைத்தான் நான் உயர்வாக வைப்பேன். மற்ற இரண்டும் கணினிகளுக்குப் பயன்பட்டவை, மனிதர் பார்க்கும் வரியைத் தொட்டது இதுதான்.

வெளிச்சேவை வழியாக அறிவிப்பு அனுப்பும் அந்த அலுவலகத்துக்குத் திரும்பிப் போவோம். உறையில் சேவையின் டொமைன், எஸ்பிஎஃப் தேர்ச்சி. கையொப்பமும் சேவையின் டொமைனில், டிகிம் தேர்ச்சி. கடிதத்தில் அலுவலகத்தின் டொமைன். இரண்டும் தேர்ச்சி, ஆனால் எதுவும் பொருந்தவில்லை, ஆகவே டிமார்க் தோல்வி. "எல்லாம் பாஸ் என்று காட்டுகிறதே, ஏன் திரும்பி வருகிறது?" என்று குழம்புபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். அந்தச் சேவையை அலுவலகத்தின் டொமைனிலேயே டிகிம் கையொப்பம் இடச் சொல்லி, அது தரும் பொதுச் சாவியை டிஎன்எஸ்ஸில் சேர்த்தால் தீர்ந்துவிடும்.

2024-ல் என்ன மாறியது

இந்த மூன்றும் விருப்பப்பட்டவர் செய்துகொள்ளும் ஏற்பாடாகவே இருந்தன. 2023 அக்டோபரில் கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கப் போவதாக அறிவித்தன. சாரம் இது:

1. ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோரும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம், ஒன்றாவது வைத்திருக்க வேண்டும்.
2. நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர்கள் இரண்டும் வைத்து, டிமார்க்கும் வைக்க வேண்டும். ‘எதுவும் செய்யாதே’ என்ற நிலையில் இருந்தாலும் போதும், ஆனால் ‘ஃப்ரம்’ வரி பொருந்த வேண்டும்.
3. மொத்தமாகப் போகும் விளம்பர அஞ்சல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி இருக்கவேண்டும்.
4. ஸ்பேம் என்று பெறுபவர்கள் குறிக்கும் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது.

மைக்ரோசாஃப்டும் 2025 மே மாதம் அவுட்லுக்.காம் முகவரிகளுக்கு ஏறத்தாழ இதே விதிகளைக் கொண்டுவந்தது. எண்ணிட்ட ஆவணம் எதுவும் இதைக் கட்டாயமாக்கவில்லை. பெரிய பெட்டிகளை வைத்திருக்கும் சில நிறுவனங்கள் கட்டாயமாக்கின. போலி அஞ்சல் குறைய இது தேவைதான். அதே நேரத்தில், தன் சர்வரைத் தானே நடத்தும் சிறு கல்லூரியோ சங்கமோ டிஎன்எஸ் பதிவு எழுதத் தெரிந்த ஆளைத் தேடவேண்டிய நிலையும் வந்துவிட்டது. திறந்த ஊராக இருந்த இடத்தில் வாசல் கட்டப்பட்டிருக்கிறது. வாசலைத் திறக்கும் சாவி இலவசம்தான், ஆனால் அப்படி ஒரு சாவி இருப்பதே பலருக்குத் தெரியாது.

பழைய முறை குழு அஞ்சல்களுக்கும் இதில் அடி விழுந்தது. உறுப்பினர் எழுதிய அஞ்சலின் அடியில் குழுவின் பெயரைச் சேர்த்து எல்லோருக்கும் அனுப்பும்போது டிகிம் உடைகிறது, சர்வர் மாறுவதால் எஸ்பிஎஃப் பொருந்துவதில்லை. 2014 ஏப்ரலில் யாஹூ தன் டொமைனுக்கு ‘வாங்காதே’ என்று வைத்தபோதே உலகம் முழுக்கக் குழுக்களில் யாஹூ உறுப்பினர்களின் அஞ்சல்கள் திரும்பின. அன்றிலிருந்து பல குழுக்கள் ‘ஃப்ரம்’ வரியில் குழுவின் முகவரியைப் போட்டு, எழுதியவர் பெயரை அதனுடன் சேர்த்துக் காட்டுகின்றன.

இவை தடுக்காதவை

1. ஒத்த டொமைன். ஆங்கில ‘எம்’ எழுத்துக்குப் பதில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டி எழுதி ஒரு டொமைன் வாங்கினால், மூன்று சான்றும் அதற்கு முறையாகக் கிடைக்கும். கைபேசித் திரையில் வித்தியாசம் தெரியாது.
2. பெயர் மட்டும். பல கைபேசிச் செயலிகள் முகவரியை மறைத்துப் பெயரை மட்டும் காட்டும். பெயருக்கு எந்தச் சான்றும் இல்லை, யாரும் எதையும் எழுதலாம்.
3. பதில் முகவரி. ‘ரிப்ளை டு’ என்ற வரியில் வேறு முகவரி இருந்தால், நாம் பதில் எழுதுவது அங்கே போகும்.
4. உண்மையாகவே உடைக்கப்பட்ட கணக்கு. கடவுச்சொல் போய்விட்டால் எல்லாச் சான்றும் திருடனுக்கும் சேர்த்துத்தான்.

முதலாவதற்கு இந்தியாவில் ஒரு பதில் வந்திருக்கிறது. வங்கிகள் தங்கள் தளங்களை ‘.பேங்க்.இன்’ என்று முடியும் டொமைனுக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த டொமைன் வங்கிகளுக்கு மட்டும்தான் கிடைக்கும், பதிவு செய்து தருவதும் ஐடிஆர்பிடி என்ற ஒரே அமைப்பு. முழு முகவரியையும் எழுத்தெண்ணிப் படிக்க வேண்டியதில்லை, கடைசிப் பகுதியைப் பார்த்தால் போதும்.

சந்தேகமான அஞ்சல் கையில் இருந்தால்

கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அஞ்சலின் ஓரத்தில் மூன்று புள்ளிகளைச் சொடுக்கினால் ‘ஷோ ஒரிஜினல்’ என்று இருக்கும். அங்கே மேலேயே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் ‘பாஸ்’ அல்லது ‘ஃபெயில்’ என்று போட்டிருக்கும். டிமார்க் வரியை முதலில் பாருங்கள். அது பாஸ் என்றால் ‘ஃப்ரம்’ வரியின் டொமைன் பொய்யில்லை. அதன்பின் அந்த டொமைனை ஓர் எழுத்து விடாமல் படிக்கவேண்டும்.

கீழே ‘ரிசீவ்ட்’ என்று தொடங்கும் வரிகள் பல இருக்கும். ஒவ்வொரு சர்வரும் தன் வரியை மேலே சேர்த்துக்கொண்டே வருவதால், அஞ்சல் வந்த வழியைக் கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும். எல்லா வரியையும் நம்ப முடியாது. உச்சியில் உங்கள் அஞ்சல் நிறுவனம் சேர்த்த வரிகள் மட்டும்தான் உறுதி. அதற்குக் கீழே இருப்பவற்றை அனுப்பியவரே எழுதிச் சேர்த்திருக்கலாம்.

டொமைன் உங்களுடையது என்றால் வரிசை இது: முதலில் உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்பும் சேவைகள் எவையெவை என்று பட்டியல் போடுங்கள். கணக்குப்பிரிவின் பில் மென்பொருள், இணையதளத்தின் தொடர்புப் படிவம் இரண்டும்தான் வழக்கமாக விட்டுப்போகும். அவற்றை எஸ்பிஎஃப்பில் சேர்த்து, டிகிம் வைத்து, டிமார்க்கை ‘எதுவும் செய்யாதே’ என்ற நிலையில் தொடங்கி அறிக்கை வரும் முகவரியைக் கொடுங்கள். எஸ்பிஎஃப் வரியைச் சரிபார்க்கும்போது பத்து டிஎன்எஸ் தேடலுக்கு மேல் போகக்கூடாது; போனால் வரியே செல்லாது. சில வாரம் அறிக்கைகளைப் பார்த்து, உங்கள் அஞ்சல்கள் எல்லாம் பொருந்துகின்றன என்று தெரிந்தபின் ‘ஸ்பேமில் போடு’, பிறகு ‘வாங்காதே’. முதல் நாளே கடைசிப் படிக்குப் போனால், பட்டியலில் விட்டுப்போன அந்த பில் மென்பொருளின் ரசீதுகள்தான் முதலில் நிற்கும்.